காகிதத்தின் காலம்

பெலிக்ஸ் வல்லோத்தோன் 1898-இல் போட்ட ஒரு சித்திரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். முகங்கள் அநேகமாக இல்லை. எல்லாரும் பத்திரிகை படிக்கிறார்கள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் விரித்த தாள்; அதைப் பிடித்திருக்கும் கைகள்; மேலே ஒரு தொப்பி. பின்னால் பத்திரிகை விற்கிற பையன்கள் ஓடுகிறார்கள். 'காகிதத்தின் காலம்' என்று அதற்குப் பெயர்.

அந்த வருஷம் ஜனவரி 13-ஆம் தேதி பாரிஸில் 'லொரோர்' என்ற தினசரியில் எமிலி ஸோலா ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். செய்யாத குற்றத்துக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ராணுவ அதிகாரி டிரைபஸுக்காக எழுதியது. 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்பது தலைப்பு. அன்று அந்தத் தினசரி 2,00,000 பிரதிகளுக்கு மேல் போயிற்று என்பார்கள். பத்தே நாளில், 23-ஆம் தேதி, 'லெ க்ரி த பாரி' என்ற வாரப் பத்திரிகையின் முகப்பில் வல்லோத்தோனின் சித்திரம் வந்துவிட்டது. அதில் ஒருவர் கையிலிருக்கும் தாளில் ஸோலாவின் தலைப்பே தெரிகிறது.

வல்லோத்தோன் டிரைபஸ் கட்சிக்காரர். வேறு யாராவது அந்தக் கட்சியில் இருந்துகொண்டு படம் போட்டிருந்தால், ஸோலாவைப் படிக்கிறவனை மட்டும் நிமிர்ந்து உட்காரவைத்திருப்பார்கள். முகத்தில் ஒரு ஒளியும் போட்டிருப்பார்கள். இவர் அதைச் செய்யவில்லை. நியாயத்தைப் படிக்கிறவனும் பொய்யைப் படிக்கிறவனும் ஒரே மாதிரிதான் தாளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறார்கள். படித்தவன் மனசில் என்ன நடக்கிறது என்று சொல்ல மறுத்துவிட்டார். டிரைபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாக 1906 வரை ஆயிற்று என்பதை நினைத்தால், இந்த மறுப்பில் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பியேர் பொன்னார் 1894-இல் 'லா ரெவ்யூ பிளான்ஷ்' பத்திரிகைக்காகப் போட்ட லித்தோ விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு பத்திரிகைகளும் நதான்ஸோன் சகோதரர்கள் நடத்தியவைதாம். அதிலும் ஒரு பெண் கையில் பத்திரிகை இருக்கிறது. கூடவே ஒரு தெருப் பையன். அழகான வேலை, சுவரில் மாட்டிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே அச்சுக் காகிதம் அந்தப் பெண்ணின் உடுப்போடு சேர்ந்த அலங்காரம்.

வல்லோத்தோன் பேர் வாங்கியது மரச்செதுக்குச் சித்திரங்களில். கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். நடுவே மழுப்பல் கிடையாது. அந்தச் சிக்கனம்தான் இங்கேயும் பேசுகிறது. இன்னொரு குறும்பும் இருக்கிறது. சித்திரம் வந்தது முகப்பில் அல்லவா? அந்த இதழை வாங்கி ஒருவர் விரித்துப் படித்தால், எதிரே இருப்பவர் கண்ணுக்கு அவர் முகம் தெரியாது, சித்திரம்தான் தெரியும்.