'தி டார்க் டவர்': முடிவும் மீள்தொடக்கமும்

திகில் புதினங்களால் பெயர்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் படைப்புலகில் மையமாக அமைவது 'தி டார்க் டவர்' தொடர் எனலாம். 1982 முதல் 2004 வரை ஏழு நூல்களாக வெளிவந்த இத்தொடரில் 2012-இல் இடைக்கதை நூலொன்றும் இணைந்தது. உலகங்களைத் தாங்கும் கோபுரத்தைத் துப்பாக்கி வீரன் ரோலண்ட் தேடிச் செல்வதே கதை. இராபர்ட் பிரவுனிங்கின் கவிதையொன்று இதற்கு வித்தாகும். கௌபாய்க் கதை, ஆர்தர் மன்னன் தொன்மம், அறிவியல் புனைவு, திகில் ஆகியன இதில் கலந்துள்ளன.

ஆறாம் நூலில் கிங் தாமே பாத்திரமாகின்றார். 1999-இல் ஊர்தி மோதி அவர் படுகாயமுற்ற உண்மை நிகழ்ச்சி ஏழாம் நூலில் இடம்பெறுகின்றது. அவரைக் காக்க ஜேக் என்னும் சிறுவன் உயிர்விடுகின்றான். இதனை ஆசிரியரின் தற்பெருமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. கதையை முடிக்காது காலந்தாழ்த்திய சோம்பலுக்காக அவர் அங்கு இகழப்படுகின்றார். படைப்பாளன் படைப்புக்குக் கடன்பட்டவன் என்பதே இதனால் பெறப்படும் கருத்து.

எதிர்த்தலைவனாகிய செவ்வேந்தன் ஓவியத்தில் வரைந்து அழிக்கப்படுவது, ஏழு நூல்கள் வளர்த்த எதிர்பார்ப்புக்கு ஈடாகவில்லை, இது குறையே. ஆயின், இறுதிக் காட்சி வலிமையுடையது. கோபுர உச்சியை அடைந்த ரோலண்ட் மீண்டும் தொடக்கப் பாலைநிலத்தில் நிறுத்தப்படுகின்றான். முன்னர் இழந்த ஊதுகொம்பு இம்முறை அவனிடம் உள்ளது. கிங்கும் 2003-இல் முதல் நூலைத் திருத்தி வெளியிட்டார் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. எனவே, இம்முடிவு வெறும் சுழற்சியன்று. பிழை திருத்திக்கொள்ளக் கிடைத்த மறுவாய்ப்பு எனக் கொள்வதே பொருத்தமாகும்.