கல்லிலும் சுவரிலும்

சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நிற்பதைப் பற்றிப் புலம்பாத பயணி கிடையாது. “வந்துட்டோம், ஆனா இன்னும் வரல” என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தும். அவர்கள் இன்னும் ‘வராத’ அந்த இடத்தில்தான் நான் வளர்ந்தேன்.

ஓ.எம்.ஆர். ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஒருநாள் கேட்டார்: “உங்க ஏரியாவுல பாக்க என்ன ஜி இருக்கு?” சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வி மனசில் கிடந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு பாரிமுனையிலிருந்து புளியந்தோப்பு வரை நடந்தேன். அவன் புளியந்தோப்புக்காரன். வழியில் தென்படும் நினைவுக் கற்களை எல்லாம் நின்று படிப்பது என்று ஏற்பாடு. ரோட்டோரக் கல்லும் ஒரு எழுத்து வடிவம்தான். அதற்கு எழுதியவர் உண்டு, வாசகர் உண்டு, சொல்லாமல் விட்ட விஷயமும் உண்டு. ஒரு சிறுகதைத் தொகுப்பை விமர்சிக்கிறோம் என்றால் அதையும் விமர்சிக்கலாம்.

பாரிமுனையில், டேர் ஹவுஸ் ஓரமாக, என்.எஸ்.சி. போஸ் ரோட்டைப் பார்த்தபடி ஒரு பழைய தூண் நிற்கிறது. தினமும் லட்சம் பேர் கடந்து போகிற இடம். அதில் பொறித்திருக்கும் தேதி 1773 ஜனவரி 1. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்களின் காலத்தில், கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரத்து வீடுகள் இடிக்கப்பட்டன. எதிரி மறைந்துகொள்ள ஒரு சுவர்கூட இருக்கக் கூடாது, பீரங்கிக்குப் பாதை தடையில்லாமல் தெரிய வேண்டும் என்பது கணக்கு. அந்த வெட்டவெளியின் எல்லையைக் காட்டக் கம்பெனி ஆறு தூண்களை நட்டது. மிஞ்சியது இது ஒன்றுதான். வீடிழந்தவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நிலத்தை அளந்தவன் எழுதியது. அவனுக்கு எல்லை போதும்.

எதிரே உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்னொரு கல் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையை நோக்கிச் சுட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஒரு குண்டு விழுந்த இடத்தைச் சொல்கிறது அந்தக் கல். துறைமுகத்தில் நின்ற கப்பலில் இறந்த மாலுமிகளை அது சொல்லவில்லை. சுவரில் குண்டு பட்டதால் சுவருக்கு ஒரு கல். ஆனால் கல்லைப் படிக்காத ஊர் அந்த இரவை வேறு விதமாக வைத்துக்கொண்டது. “அவன் சரியான எம்டன்டா” என்று என் தாத்தா ஒரு வட்டிக்காரரைப் பற்றிச் சொல்வார். எம்டன் ஒரு கப்பல் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

இந்த இரண்டு கற்களையும் பார்த்தபிறகு எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. எங்கள் பக்கத்தில் கல் ஒன்றைச் சொல்லும். வாய் இன்னொன்றைச் சொல்லும். சென்ட்ரலை ஒட்டி வடக்கே போகும் சாலைக்கு அரசாங்கப் பெயர் வ.உ.சி. சாலை. எந்த ஆட்டோக்காரரிடமும் அப்படிச் சொல்லிப் பாருங்கள், திரும்ப ஒருமுறை கேட்பார். ‘வால்டாக்ஸ் ரோடு’ என்றால்தான் வண்டி கிளம்பும். 1770 வாக்கில் கம்பெனி கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியது. செலவை உள்ளே குடியிருப்பவர்கள் தலையில் வரியாகக் கட்டப் பார்த்தது. அந்த வரி ஒழுங்காக வசூலானதே இல்லை என்பார்கள். மதில் அநேகமாகப் போய்விட்டது. ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவில் ஒரு துண்டு மிச்சம். கொடுக்காத வரியின் பெயர் மட்டும் இருநூற்றைம்பது வருஷமாகப் பேருந்து டிக்கெட் வாங்கும் வாயில் இருக்கிறது. கப்பலோட்டிய தமிழர் மேல் யாருக்கும் மரியாதைக் குறைவு கிடையாது. ஆனால் வாய்க்குப் பழகிய பெயரை ஒரு பலகை மாற்றிவிட முடிவதில்லை.

கஞ்சித்தொட்டியும் அப்படித்தான். ஸ்டான்லி என்பது ஒரு கவர்னரின் பெயர். ஆனால் என் பாட்டி கடைசிவரை ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொன்னார். 1782இல், ஹைதர் அலி படையெடுப்புக் காலத்துப் பஞ்சத்தில், சோறில்லாமல் நகரத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அந்த ஆஸ்பத்திரியின் ஆரம்பம். பசித்தவன் இடத்துக்குப் பெயர் வைத்தால் கஞ்சி என்று வைக்கிறான்.

இதற்கு நேர் எதிர் பேசின் பிரிட்ஜைத் தொட்டுக்கொண்டு போகும் கால்வாய். படகுகள் நின்று சரக்கு ஏற்றி இறக்கிய நீர்த்தேக்கம்தான் எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் ‘பேசின்’. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்காக மண் சுமந்தவர்களை வைத்துக் கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவிலான பகுதியை வெட்டி, இந்தக் கால்வாயைத் தெற்கே நீட்டினார்கள். மொத்தக் கால்வாய்க்கும் அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் விழுந்தது. மண் சுமந்தவர்கள் பெயரைச் சொல்லும் கல் எதுவும் கரையில் என் கண்ணில் பட்டதில்லை. இங்கே வாயும் தோற்றுவிட்டது. நாங்களும் ‘பக்கிங்காம் கால்வா’ என்றுதான் சொல்கிறோம். ஆகவே வாய்மொழி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பத் தயாரில்லை.

யானைக்கவுனியைத் தாண்டி நடந்தபோது நண்பன் ஒரு வேலை செய்தான். வழியில் தென்பட்ட திறப்பு விழாக் கற்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தான். சுரங்கப்பாதை, கழிவுநீர் நிலையம், நிழற்குடை, கட்சிக் கொடிக்கம்பம். எல்லாம் ஒரே வார்ப்பு. திறந்து வைத்தவர், தலைமை, முன்னிலை, வரவேற்புரை. கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டான்.

“இன்னா மச்சி, கட்னவன் பேரே இல்ல?”

“கட்டினவங்க பேர் போட்டா கல் பத்தாதுடா.”

“தொறந்தவன் பேருக்கு மட்டும் பத்துதா?”

மென்பொருள் வேலையில் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். யார் மாற்றியது, என்றைக்கு என்பதைக் கணினியே போட்டுக்கொள்ளும். ஏன் மாற்றினோம் என்பதை மட்டும் நாம் எழுத வேண்டும்; அதைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுவார்கள். இந்தக் கற்களும் அப்படித்தான். யார், என்றைக்கு என்பதில் ஒரு குறையும் இல்லை. ஏன் என்று கேட்டால் கல் கல்லாகிவிடுகிறது.

மூலக்கொத்தளம் வந்தோம். மதிலின் மூலையில் இருந்த கொத்தளம் என்பதுதான் இந்தப் பெயர். இங்கே உள்ள சுடுகாட்டில் நடராசனும் தாளமுத்துவும் இருக்கிறார்கள். கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை போன இருவரும் 1939இல், ஒருவர் ஜனவரியிலும் மற்றவர் மார்ச்சிலும், காவலில் இருக்கும்போதே நோயுற்று இறந்தார்கள். மன்னிப்புக் கேட்டால் விடுதலை என்றபோது நடராசன் மறுத்தார். இவர்களோடு டாக்டர் தருமாம்பாளின் நினைவிடமும் இங்கேதான். நாங்கள் பார்த்தவற்றில் இறந்தவர் பெயரை முதலில் சொல்லும் நினைவிடம் இதுதான். ஏன் இறந்தார்கள் என்பதையும் சொல்கிறது. ஒவ்வொரு ஜனவரி 25ஆம் தேதியும் மாலை போட வருகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இந்தச் சுடுகாட்டு நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டம் வந்தபோது எதிர்ப்பு எழுந்ததற்கும் இந்தப் பெயர்கள் ஒரு காரணம். கல்லில் பெயர் இருந்தால் இடத்துக்காகப் பேச நாலு பேர் வருவார்கள். அதுதான் கல்லின் உபயோகம்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் புளியந்தோப்பு. அதைத் தாண்டினால் பெரம்பூர், பின்னி மில். இன்றைய பிள்ளைகளுக்கு அது சினிமாச் சண்டைக்காட்சி எடுத்த இடம். பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் 1996இல் மூடப்பட்டது. 1918 ஏப்ரல் 27 அன்று இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் ஆகியோர் அதில் முன்னால் நின்றவர்கள். 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

என் தாத்தாவின் அப்பா அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர். தாத்தாவும் பிறகு அதே மில்லில் தறி ஓட்டினார். எங்கள் வீட்டில் 1921 என்பது ஒரு வீரக்கதை. சங்கம், பட்டினி, துப்பாக்கி. தாத்தா கையை உயர்த்திக் காட்டிச் சொல்வார். அந்தக் கதையில் புளியந்தோப்பு ஒரே ஒரு வரியில் வந்து போகும்: “அப்போ அங்க கொஞ்சம் குடிசைங்க எரிஞ்சிது.”

மெரினாவில் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959இலிருந்து நிற்கிறது. பாறையைப் புரட்டும் நாலு பேர். நல்ல சிலை. அவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் தள்ளுகிறார்கள். 1921இல் அப்படி நடக்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடந்த மோதலில் புளியந்தோப்புக் குடிசைகள் எரிக்கப்பட்டன. இரு பக்கத்திலும் உயிர் போனது. அவர்களை அங்கிருந்தே அப்புறப்படுத்த வேண்டும் என்று நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் கேட்டார். எம்.சி. ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறியதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம்.

இதை எல்லாம் நான் புத்தகங்களில் படித்தது முப்பது வயதுக்கு மேல். நண்பன் படிக்கவில்லை; அவன் ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறான். பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அன்றைக்குத்தான், புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை வாசலில், நான் தாத்தாவின் கதையைச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, “எங்க ஆயா வேற மாதிரி சொல்லும்” என்றான்.

நம்மிடம் இதற்கு வடிவம் இல்லாமல் இல்லை. திருவண்ணாமலைப் பக்கத்து நடுகற்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்தச் சண்டையில் பட்டான் என்று நாலைந்து வரியில் சொல்லிவிடுவார்கள். எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், வீரனோடு கள்ளர்களைக் கடித்து நின்ற அவன் நாய்க்கும் இடமுண்டு. அதன் பெயர் கோவிவன். ஒரு நாயின் பெயரைப் பொறிக்க இடமிருந்த மொழி இது. ராஜா பெயர் அதில் தேதிக்காகத்தான் வரும், கல் இறந்தவனுக்கு. எங்கள் பக்கத்துத் திறப்பு விழாக் கல் அதைத் தலைகீழாக்கிவிட்டது.

சாதாரண ஆட்களுக்கு இன்றைக்குக் கிடைப்பது சுவரொட்டிதான். தாத்தா 2012இல் இறந்தபோது தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஒட்டினோம். போட்டோ, தோற்றம், மறைவு, கீழே பேரப்பிள்ளைகள் பெயர்களில் என் பெயர். மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் என்று ஒரு வரி போடச் சொன்னேன். இடமில்லை என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் அதன் மேல் ஒரு சினிமா போஸ்டர்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. 1921க்கு இங்கே ஒரு கல் வைத்தால் அதில் என்ன எழுதலாம் என்று என் போனில் எழுதிப் பார்த்தோம். சங்கம் தொடங்கிய தேதி, வேலைநிறுத்தம், இதில் எல்லாம் தகராறு இல்லை. ‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ என்று எழுதினேன். “யார் சுட்டாங்க?” என்றான். ‘போலீஸ் சுட்டது’ என்று மாற்றினேன். அடுத்த வரியில் ‘குடிசைகள் எரிந்தன’ என்று எழுதினேன். அப்படித்தான் விரல் போனது. எங்கள் வீட்டில் அது அப்படித்தான் எரிந்தது.

அவன் போனை வாங்கிப் பார்த்தான். “தானா எரிஞ்சிதாடா?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை.

எரிந்தன, எரிக்கப்பட்டன, எரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று மார்க்குக்காக மனப்பாடம் செய்தது. ‘எரித்தார்கள்’ என்றால் உடனே யார் என்று கேள்வி வரும். யார் என்பதற்கான பதிலில் என் தாத்தாவின் அப்பா இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. சொல்ல யாரும் உயிரோடு இல்லை. தாத்தா இருந்திருந்தால் கேட்டிருப்பேனா என்பதும் நிச்சயமில்லை.

‘வேலைநிறுத்தம் செய்தவர்களில் சிலர் புளியந்தோப்புக் குடிசைகளை எரித்தார்கள்’ என்று எழுதிக் காட்டினேன். அவன் இரண்டு முறை படித்தான். “சுடப்பட்டவங்க பேரையும் போடு, எங்காளுங்க பேரையும் தேடிப் போடு” என்றான். “ஒரே கல்லுலயா?” என்றேன். “ஒரே கல்லுலதான்” என்றான்.

ஆறு வரி வந்திருக்கிறது. திறந்து வைப்பவர் பெயருக்கு இடம் விடவில்லை.