விளிம்பில் எரியும் ஆரஞ்சு

சிட்லபாக்கத்தில் பெயர்ப்பலகை செய்யும் ஒரு கடை வாசலில் சாய்த்து வைத்திருக்கும் ஆரஞ்சு அக்ரிலிக் ஷீட்டை நின்று பார்க்காமல் நான் போனதில்லை. முகப்பு சாதாரணமாகத்தான் இருக்கும். வெட்டிய விளிம்பு மட்டும் தணலாக எரியும். மின்சாரம் கிடையாது. பிளாஸ்டிக்கில் கரைத்த சாயம் பகல் வெளிச்சத்தை விழுங்கி வேறு நிறத்தில் உமிழ்கிறது. அதில் முக்கால் பங்கு உள்ளுக்குள்ளேயே பட்டுத் தெறித்து விளிம்பு வழியே வெளியேறுகிறது.

கடைக்காரருக்கு இது போதும். எனக்கு அதற்கு அடுத்த கட்டம்தான் ருசி.

லேசர் துடிப்பு ஒன்று பட்டதும் சாய மூலக்கூறுகள் எல்லாம் ஒரே தாளத்தில் அதிரத் தொடங்கும். ரோடமின் சாயம் ஒளிர்ந்து ஓய நாலைந்து நானோ செகண்ட் ஆகும். தாளமோ, அறை வெப்பத்தில், சுமார் நூறு ஃபெம்டோ செகண்டுக்குள் கலைந்துவிடும். ஒவ்வொரு மூலக்கூறும் உட்கார்ந்த இடம் வேறு, ஆகவே சுருதியும் சற்று வேறு. போதாததற்கு, சுற்றியுள்ள பாலிமர் சங்கிலிகள் நெளிந்து நெளிந்து மூலக்கூறை இடிக்கின்றன. முன்னது பிறவிக் குணம், பின்னது அக்கம்பக்கத்துத் தொல்லை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது எப்படி?

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து புறப்பட்டவர்கள் ஐந்து நிமிடத்தில் சிதறிவிடுகிறார்கள். ஒரு விசில். எல்லாரும் அப்படியே திரும்பி அவரவர் வேகத்திலேயே நடந்தால், அடுத்த ஐந்தாவது நிமிடம் அத்தனை பேரும் ஒன்றாகப் புறப்பட்ட இடத்தில்! இரண்டாவது லேசர் துடிப்புதான் அந்த விசில். கூடிய கணத்தில் மூலக்கூறுகள் தாமாகவே ஓர் ஒளியை வீசும். ஃபோட்டான் எக்கோ என்பது இதுதான். அணுக்கருக்களில் எர்வின் ஹான் 1950-ல் காட்டிய வித்தையை, 1964-ல் கர்னிட், அபெல்லா, ஹார்ட்மன் மூவரும் ரூபியில், ஒளியைக் கொண்டே செய்தார்கள். வழியில் தெரிந்தவரைக் கண்டு பேச நின்றவர் மட்டும் நேரத்துக்கு வந்து சேரமாட்டார். எக்கோ மங்க மங்க, கதை பேசியவர்கள் அதிகம் என்று அர்த்தம்.

குளிர வைத்தால் படிகத்தில் பேச்சு அடங்கிவிடும். பாலிமர் அப்படி அடங்குகிற ஜாதி இல்லை. சில கெல்வினிலும் சிறு அணுக்கூட்டங்கள் இரண்டு இருப்பிடங்களுக்கிடையே தாவிக்கொண்டே இருக்கும். 1972-ல் ஆண்டர்சன், ஹால்ப்பரின், இந்தியாவில் பிறந்த சந்திரா வர்மா மூவரும், தனியே ஃபிலிப்ஸும் வரைந்த சித்திரம் இது. படிகத்தின் மௌனத்தைவிட இந்த ஓயாத முணுமுணுப்பையே நான் பெரிதாக மதிப்பேன்.

கடை வாசலில் தெரிவது எக்கோ அல்ல. அதைப் பார்க்க லேசரும், பெரும்பாலும் திரவ ஹீலியமும் வேண்டும். வெட்டி மிஞ்சிய துண்டு வேண்டுமென்றால், கேட்டால் சும்மாவே தருகிறார்கள்.