இல்லாத ஊரின் மழை

ஒரு தாளில் பன்னிரண்டு பத்தி போட்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை எழுதிக்கொள்ள வேண்டும். முதல் வரிசையில் பகல் வெப்பம், அடுத்ததில் இரவு வெப்பம், மூன்றாவதில் மழை எத்தனை மி.மீ. என்பது. உலகப் படத்தில் எங்குமே இல்லாத ஓர் ஊருக்கு இந்த முப்பத்தாறு எண்களையும் நாமே நிரப்ப வேண்டும். நிரப்பியவர் தாளை இன்னொருவரிடம் நீட்டுவார். அவர் அந்த ஊரில் ஓராண்டு குடியிருப்பதாக நினைத்துப் பார்த்து மதிப்பெண் போடுவார். வானிலைமேல் பித்துக் கொண்டவர்கள் பல நாடுகளில் இதை ஆடுகிறார்கள். எனக்கும் இந்தப் பித்து உண்டு. ஆனால் இல்லாத தட்பவெப்பத்தைக் கற்பனை செய்து மதிப்பிடும் இந்த ஆசை அட்டவணைக்கு வெகுகாலம் முந்தியது. புராணம், நாவல், அறிவியல், சுற்றுலாத் துறை என்று பல துறைகளில் கிளைத்திருப்பதால் இதை ஒரே துறையாக யாரும் பார்ப்பதில்லை.

நினைத்த எண்ணை நினைத்த கட்டத்தில் எழுத முடியாது என்பதுதான் இதன் சுவை. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் பருவங்கள். சாய்வை எடுத்துவிட்டால் கோடையும் இல்லை, மாரியும் இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். நிலநடுக்கோட்டை ஒட்டியிருந்தும், 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கித்தோ நகரம் ஆண்டு முழுவதும் ஊட்டியைப்போல இருக்கிறது. லிமா நம்மைப்போல வெப்ப மண்டலத்தில், கடலோரத்தில் இருக்கிறது. ஆனாலும் பக்கத்துக் கடலில் ஓடும் குளிர்நீரோட்டம் அங்கே மாதக்கணக்கில் சாம்பல் நிற மேகத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறது. அந்த மேகத்திலிருந்து ஆண்டுக்குச் சில மில்லிமீட்டருக்குமேல் விழாது. கடலிலிருந்து விலக விலகக் குளிரும் வெயிலும் முற்றும். சைபீரியாவின் வெர்க்கோயான்ஸ்க் 1892இல் மைனஸ் 67.8 டிகிரியைக் கண்டது. அதே ஊர் 2020 ஜூனில் 38 டிகிரியையும் கண்டது. இப்படி ஓர் ஊரைக் கற்பனையாக எழுதி நீட்டினால் நம்பமாட்டார்கள்.

ஆட்டக்காரர்கள் கையில் வைத்திருக்கும் அகராதி விளாதிமிர் கெப்பன் செய்தது. பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து கிரிமியாவில் வளர்ந்த அவர், அந்த இரண்டுக்கும் இடையில் பயணம் போகும்போதெல்லாம் சன்னலுக்கு வெளியே மரஞ்செடிகள் மாறுவதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து அவருடைய வகைப்பாடு முளைத்தது. மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 18 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் வெப்பமண்டலம். மிக வெம்மையான மாதமே 10 டிகிரியை எட்டாவிட்டால் மரம் வளராத துருவநிலம். தட்பவெப்பத்தை மனிதனைக் கேட்காமல் செடியைக் கேட்டு வகுத்தார் கெப்பன். இந்தத் துறையில் நடந்த நேர்மையான காரியங்களில் இதை முதலில் வைப்பேன். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

மனிதனைக் கேட்டு வகுத்தவை சொர்க்கங்கள். ஹோமரின் எலீசியச் சமவெளியில் பனி இல்லை, புயல் இல்லை, மேல்காற்று மட்டும் இதமாக வீசிக்கொண்டிருக்கும். வடகாற்றுக்கும் அப்பால் வாழ்ந்த ஹைப்பர்போரியருக்குக் குளிரே தெரியாது என்று கிரேக்கர் நம்பினார்கள். நம்முடைய உத்தரகுருவும் இந்த வகைதான். குறை என்பதே இல்லாத போகபூமி. 1808இல் ஷார்ல் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கனவுச் சிந்தனையாளர், மனித சமூகம் சீர்பட்டால் துருவத்தின்மேல் ஓர் ஒளிவளையம் தோன்றி வடகடல் உருகும், கடல்நீர் எலுமிச்சைச் சாறுபோல் சுவைக்கும் என்று முழு நம்பிக்கையோடு எழுதினார். இவற்றையெல்லாம் அடுத்தடுத்துப் படித்தால் ஓர் அலுப்பு வரும். பன்னிரண்டு பத்தியிலும் ஒரே எண். அங்கே காத்திருக்க எதுவும் கிடையாது. சொர்க்கத்துக் கதைகள் சிறிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நாவலாசிரியர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' (1965) கோளில் மழையே இல்லை. உடம்பின் வியர்வையைப் பிடித்துத் திரும்பக் குடிக்கும் உடை அணிந்து மனிதர்கள் நடமாடுகிறார்கள். ஒருவர் முன் எச்சில் துப்புவது, தன் உடம்பின் நீரைக் கொடுக்கும் மரியாதை. இந்தப் பாலையின் விதை அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில், மழைக்குப் பெயர்போன ஒரு கரையில் விழுந்தது. 1957இல் அங்கே நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்தும் அரசுத் திட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர் ஹெர்பர்ட். கட்டுரை வெளிவரவில்லை, நாவல் வந்தது. உர்சுலா லெ குவின் வளர்ந்தது குளிரும் வெயிலும் மிதமான கலிஃபோர்னியாவின் பெர்க்லியில். அவர் 1969இல் ஒரு நாவலில் படைத்த கெத்தன் என்ற கோள் பனியுகத்தில் உறைந்து கிடக்கிறது. அந்த நாவலின் உயிரான பகுதி, இரண்டு பேர் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனிப்பாழைக் கடப்பது. வாசகர் அந்தக் குளிருக்குக் குறைந்த மதிப்பெண்தான் போடுவார். ஆனால் அந்த இருவரின் கூடாரத்தைவிட்டு வெளியே வர மனம் வராது. பிரையன் ஆல்டிஸ் ஹெலிக்கோனியா என்ற கோளுக்கு இரண்டு சூரியன்களைக் கொடுத்து, ஒரு பேராண்டு பூமிக் கணக்கில் சுமார் 2,500 ஆண்டு நீளும்படி செய்தார். வசந்தத்தில் பிறந்தவரின் பேரப்பிள்ளைகளுக்குக்கூடக் கோடை கிட்டாது. கிம் ஸ்டான்லி ராபின்சனின் செவ்வாய் நாவல்களில் எந்தத் தட்பவெப்பம் வேண்டும் என்பதே அரசியல் கட்சிகளைப் பிரிக்கிறது.

ரே பிராட்பரி 1954இல் எழுதிய ஒரு சிறுகதை இவை அனைத்தையும்விட எனக்கு நெருக்கமானது. வெள்ளிக் கோளில் மழை ஓய்வதில்லை. ஏழாண்டுக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் மட்டும் சூரியன் தெரியும். பூமியிலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு மட்டும் சூரியனை நினைவிருக்கிறது; அந்த ஒரு மணிநேரத்தில் வகுப்புப் பிள்ளைகள் அவளை அலமாரி அறைக்குள் பூட்டிவிடுகிறார்கள். மழைக்கு ஏங்கும் ஊரில் பிறந்த நான் அந்தக் கதையைப் படித்துவிட்டு வெயிலுக்காக அழுதேன். முப்பத்தாறு எண்களால் இதைச் செய்ய முடியாது.

ஈர வெள்ளி பிராட்பரியின் தனிக் கற்பனை அல்ல. வேதியியலில் நோபல் பரிசு பெற்ற சுவாந்தே அர்ரேனியஸே வெள்ளியைச் சொட்டச் சொட்ட நனைந்த சதுப்புக் காடாக வருணித்தவர். 1962இல் மரைனர் 2 விண்கலம் அதன் அருகே பறந்தபோது அந்தக் காடு எரிந்துபோனது. வெள்ளியின் தரை 460 டிகிரிக்குமேல் கொதிக்கிறது.

அர்ரேனியஸ் செய்த இன்னொரு கற்பனைதான் இந்தத் துறையிலேயே பெரியது. 1896இல், காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் பூமி 5, 6 டிகிரி சூடேறும் என்று கையால் கணக்கிட்டார். அப்போது இல்லாத ஒரு தட்பவெப்பத்தை எண்களால் கட்டிய முதல் மனிதர்களில் அவர் ஒருவர். பிறகு அதற்கு மதிப்பெண்ணும் போட்டார். 1908இல் ஆங்கிலத்தில் வந்த நூலில், வருங்காலத்தவர் மிதமான, மேலான தட்பவெப்பத்தில் வாழ்வார்கள், குளிர்நாடுகளுக்கு அது மிகவும் நல்லது என்று மகிழ்ந்தார். அவர் சுவீடன்காரர். இருண்ட, நீண்ட பனிக்காலத்தில் உட்கார்ந்து எழுதிய ஒருவருக்குச் சூடு வரமாகத் தெரிந்ததில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆனால் அந்தத் தாளை அவர் சித்திரை வெயிலில் நாற்று நடும் ஒருவரிடம் நீட்டிக் கேட்கவில்லை.

எல்ஸ்வொர்த் ஹன்டிங்டனை அப்படி மன்னிக்க எனக்கு மனமில்லை. யேல் பல்கலைக்கழகப் புவியியலாளரான அவர் 1915இல் உலகத் தட்பவெப்பங்களையெல்லாம் மனித ஊக்கத்துக்கு ஏற்றபடி தரம் பிரித்தார். கனெக்டிகட் மாநிலத்துத் தொழிற்சாலைக் கூலிகள் எந்த நாளில் அதிகம் உழைத்தார்கள், படைப்பள்ளி மாணவர்கள் எந்தக் குளிரில் நன்றாகப் படித்தார்கள் என்று எண்ணினார். உடலுழைப்புக்குச் சராசரி 18 டிகிரியை ஒட்டியும், மூளை உழைப்புக்கு வெளியே 4 டிகிரியை ஒட்டியும் இருப்பது உத்தமம் என்று முடிவுகட்டினார். வரைபடத்தில் முதலிடம் பெற்றவை அவர் வாழ்ந்த பகுதியும் வடமேற்கு ஐரோப்பாவும். வெப்பமண்டலத்து மக்கள் கீழே தள்ளப்பட்டார்கள். அது அறிவியலாகப் பள்ளிகளில் நுழைந்தது. தன் தோலுக்கு இதமானது என்று சொல்வது யாருக்கும் உள்ள உரிமை. அதை மற்றவர் அறிவின் அளவுகோலாக்குவது அநியாயம். ஒன்றை மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும்: ஒரே சீரான வானிலையைவிட நாளுக்கு நாள் மாறும் வானிலைதான் ஊக்கம் தரும் என்று அவர் கண்டார். அந்த ஒரு கண்டுபிடிப்பைப் பின்வந்தவர்கள் தொலைத்துவிட்டார்கள்.

1985இல் மியெச்கோவ்ஸ்கி என்பவர் சுற்றுலாவுக்காக ஒரு தரவரிசை எண் அமைத்தார். நூற்றுக்கு மதிப்பெண்: பகல்நேர இதத்துக்கு 40, முழுநாள் இதத்துக்கு 10, மழைக்கு 20, வெயிலுக்கு 20, காற்றுக்கு 10. மாதத்தில் 15 மி.மீ.க்குக் கீழே பெய்தால் மழைக்கு முழு மதிப்பெண். 150ஐத் தாண்டினால் சுழியம். நம் ஐப்பசிக்கு அங்கே சுழியம்தான். தமிழில் 'நல்ல வெயில்' என்றால் முறையீடு, 'நல்ல மழை' என்றால் வாழ்த்து. அந்த எண்ணில் இரண்டும் தலைகீழ். ஆனி, ஆடியில் வெயில் மறைந்து, தூறலும் காற்றுமாக இருப்பதற்காகவே குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். திருநெல்வேலியில் மேல்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். மேற்கே ஐம்பது கிலோமீட்டர் சென்று தென்காசியில் இறங்கினால், செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் முகத்தில் அடிக்கும். அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பவருக்கு நாங்கள் ஏன் அந்தப் பேருந்தில் ஏறினோம் என்பது விளங்காது.

எனக்கு அந்த எண்மேல் உள்ள பெரிய குறை வேறு. சென்னையின் பன்னிரண்டு மாதங்களை எடுத்துச் சீட்டுக்கட்டுபோல் குலுக்குங்கள். மே மாதத்தை நவம்பரின் பக்கத்தில் வையுங்கள், ஜனவரியை ஜூலைக்கு அடுத்துப் போடுங்கள். மாத மதிப்பெண்கள் மாறாது, ஆண்டுச் சராசரியும் மாறாது. ஆனால் அங்கே வாழ முடியுமா? நாம் விரும்புவது மாதங்களை அல்ல, அவை வரும் வரிசையை. 1971இல் மிஷெல் கபனாக் என்ற உடலியலாளர் இதற்கு உடம்பிலேயே சாட்சி காட்டினார். உடல் சூடேறியிருப்பவருக்குக் குளிர்நீரில் கை வைப்பது இன்பம். உடல் குளிர்ந்திருப்பவருக்கு அதே நீர் துன்பம். நீருக்கென்று தனியாக மதிப்பெண் கிடையாது.

இதை வெகுகாலம் முன்பே கண்டவர்கள் தமிழ்ப் புலவர்கள் என்று சொல்வது பெருமைக்காக அல்ல. தொல்காப்பியம் நிலத்தோடு பொழுதைச் சேர்த்தே முதற்பொருள் என்றது. முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும். பாலைக்கு மட்டும் நிலம் இல்லை, பொழுது உண்டு. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அதாவது ஊர் இல்லாத ஒரு தட்பவெப்பம். எந்த ஊர்மேலும் வந்து இறங்கக்கூடியது. முல்லைப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் வழக்கு ஒன்றுண்டு. கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, மழை வந்துவிட்டது. தோழி, இது கார் அல்ல, காலமில்லாக் காலத்தில் பெய்யும் வம்பமழை, மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்கிறாள். எத்தனை மி.மீ. என்பது இருவருக்கும் தெரியும். அது எந்த மழை என்பதுதான் வழக்கு. ஆண்டில் அதன் இடம் எது என்பதில் ஒரு பெண்ணின் உயிர் நிற்கிறது.

நான் போட்ட ஓர் அட்டவணையைச் சொல்கிறேன். ஆண்டு முழுவதும் பகலில் 26, இரவில் 20, மாதம் தவறாமல் 80 மி.மீ. மழை, முழுவதும் சாரல். என் வாழ்நாள் ஆசை அது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நெல்லை எங்கே காயப்போடுவார்கள், மிளகாய் வற்றல் எந்த மாதம் போடுவார்கள், சாரல் வந்ததென்று எப்படித் தெரியும் என்று மூன்று கேள்வி கேட்டார். மதிப்பெண் சொல்லவில்லை.

பிறகு மாற்றி எழுதினேன். ஊரை மலைக்குக் கிழக்கே, ஒரு கணவாய்க்கு எதிரே வைத்தேன். ஏப்ரலுக்கு 37 டிகிரி, மே மாதத்துக்கு 38. அந்த இரண்டு எண்ணையும் எழுதும்போது முதுகில் வேர்த்தது. அக்டோபருக்கும் நவம்பருக்கும் வாடையோடு வரும் அடைமழையை நிறையக் கொடுத்தேன், குளம் நிரம்ப வேண்டும். மார்கழிக்குப் பனி. ஜூன் கட்டத்துக்கு வந்தபோது மூன்று வரிசை போதவில்லை. எங்கள் பக்கத்தில் சாரல் வருவதற்கு முன்னால் காற்று வரும். வேப்பமரம் ஒருபக்கமாகச் சாயும், கொடியில் கிடக்கும் துணி ஓட்டுமேல் போய் விழும். தாளின் அடியில் நாலாவதாக ஒரு வரிசை போட்டு, ஜூனுக்கு நேரே மேல்காற்று என்று எழுதினேன்.