கொடுப்பவளும் கேட்பவளும்
(பாலசந்தரின் ‘கல்கி’யை முன்வைத்து)

‘வலிமை’ என்னும் சொல்லைப் பெண்ணோடு சேர்த்துச் சொல்லும்போது நாம் எதைக் கருதுகிறோம்? தமிழில் ‘பொறை’ என்றால் சுமை. பொறுமையும் அதே வேரில் கிளைத்த சொல். அரபியில் ‘ஸப்ர்’ என்பதன் மூலப்பொருள் அடக்கிப் பிடித்து வைத்தல். ஒன்று தாங்குவது, மற்றொன்று தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்றும் உண்டு. தனக்கு இழைக்கப்பட்டதை நாலு பேர் அறிய எடுத்துரைத்து, உரியதைக் கேட்டுப் பெறும் வலிமை அது. தமிழ்த் திரையில் வலிமையுள்ள பெண்களைப் படைத்தவர் என்று போற்றப்படும் கே. பாலசந்தர் (1930–2014) இம்மூன்றில் எதைத் தம் நாயகியருக்கு அளித்தார் என்பதே நமது கேள்வி.

முதலில் அவருக்குரிய நன்றியைச் செலுத்திவிடுவோம். நாயகனின் வாள்வீச்சையும் வசனத்தையும் நம்பிப் படங்கள் ஓடிய காலத்தில், 1974-இல், ‘அவள் ஒரு தொடர்கதை’யின் மூலம் வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணின் சம்பளத்தில் ஒரு குடும்பமே உண்டு உறங்குவதை அவர் காட்டினார். 1981-இல் வந்த ‘தண்ணீர் தண்ணீர்’ நமக்கு இன்னும் அணுக்கமானது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து பிறந்த அப்படத்தின் அத்திப்பட்டி, கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் சிற்றூர்; இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து மண். அங்கே சரிதா நடித்த செவந்தியின் இடுப்புக் குடம் ‘பொறை’ என்னும் சொல்லுக்கு நேர்ப்பொருள். ஊர் ஒரு பக்கம் நிற்க, காவலரான கணவனின் உடுப்பு மறுபக்கம் நிற்கிறது. இடையில் நிற்கும் அவளுடைய வலிமையை நாம் ஐயுறவில்லை. அவளது போராட்டம் அவளுடைய தாகத்திலிருந்தே எழுகிறது.

இனி, அறுபதைக் கடந்த வயதில் அவர் எடுத்த ‘கல்கி’க்கு (1996) வருவோம். செல்லம்மா (கீதா) பாடகி, கணவன் பிரகாஷின் (பிரகாஷ்ராஜ்) கொடுமைக்கு ஆளாகி மணமுறிவு பெற்றவள், பிள்ளை இல்லாதவள். அவன் இரண்டாவதாக மணந்த கற்பகமும் (ரேணுகா) அடங்கிக் கிடக்கிறாள். இவர்களிடையே கல்கி (சுருதி) என்னும் இளம்பெண் நுழைகிறாள். தானே வலிந்து பிரகாஷின் வாழ்வில் புகுந்து, அவன் பெண்களுக்குச் செய்ததையெல்லாம் அவனுக்கே திருப்பிச் செய்கிறாள். முடிவில், அவனுக்குப் பிள்ளை பெற்று அதைச் செல்லம்மாவின் கையில் கொடுக்கிறாள்.

படத்தின் சிறப்பு பிரகாஷ் என்னும் பாத்திரமே. அவன் அடியாள் வைத்திருக்கும் வில்லனல்லன். நல்ல உடை உடுத்து, நயமாகப் பேசுபவன். கொடுமை பெரும்பாலும் மரியாதையான வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது என்பதை இயக்குநர் அறிந்திருக்கிறார். கீதாவின் தளர்ந்த பார்வையும் தாழ்ந்த குரலும் பக்கம் பக்கமான வசனம் சொல்லாததைச் சொல்கின்றன.

ஆயினும் நமது மனம் இரண்டு இடங்களில் இடறுகிறது. முதலாவது, அநீதி நேர்ந்தது செல்லம்மாவுக்கு, பழிதீர்ப்பவளோ கல்கி. கல்கி வளர வளரச் செல்லம்மா சிறுத்துக்கொண்டே போகிறாள். பாதிக்கப்பட்டவளின் வழக்கை வேறொருத்தி தன் உடலையே கருவியாக்கி நடத்துவது எப்படிப் பாதிக்கப்பட்டவளின் வலிமையாகும்? இரண்டாவது, இத்தனை துணிந்த கல்கியும் கடைசியில் செய்வது என்ன? கொடுக்கிறாள். ‘சிந்து பைரவி’யில் (1985) சிந்து தான் பெற்ற பிள்ளையைப் பைரவிக்குக் கொடுத்துவிட்டுப் பிரிந்து போனாள். ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்தில் (1987) நந்தினி, தன்னை விட்டுப் பிரிந்த கணவனுக்கே சிறுநீரகம் கொடுத்தாள். பதினோராண்டுகளில் நாயகியின் நடையும் நாவும் மாறின. கொடுக்கும் கை மாறவில்லை. பிள்ளையில்லாத பெண் குறையுள்ளவள் என்னும் பிரகாஷின் எண்ணத்தைக் கண்டிக்கப் புறப்பட்ட கதை, செல்லம்மாவின் மடியில் ஒரு பிள்ளையை வைத்தே நிறைவடைகிறது. அந்த எண்ணத்துக்கு இதைவிட மென்மையான ஒப்புதல் வேறு உண்டோ?

நியாயம் வேறு, பழி வேறு. இதை நமக்குக் கற்பிக்கக் கொற்கையே போதும். மதுரை அவையில் கண்ணகி சிலம்பை உடைத்து வழக்குரைத்தாள். அரசன் தன் தவற்றை ஏற்று உயிர் நீத்தான். அது நியாயம். பின்னர் நமது முத்துத்துறையாம் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. அது பழி. முன்னதில் பேசியவள் பாதிக்கப்பட்டவளே. பின்னதில் அவள் இல்லை. திருமறையின் 58ஆம் அத்தியாயம் ‘அல்முஜாதலா’ என வழங்குவதும், கணவன் செய்த அநீதியைப் பெருமானாரிடம் வாதித்த கவ்லாவின் முறையீட்டை முன்னிட்டே. அவர்கள் பொருட்டு வேறெவரும் மாறுவேடம் போடவில்லை. ‘கல்கி’யோ மதுரையை விட்டுவிட்டுக் கொற்கைக்கு வந்துவிடுகிறது.

வழக்கும் வாதமும் திரைக்குச் சுவைதருமா என்று சிலர் கேட்கலாம். கண்ணகியின் வழக்குரைத்தலை விடச் சுவையான காட்சி தமிழில் எது? இயக்குநருக்கும் அது கைவராததன்று. ‘அச்சமில்லை அச்சமில்லை’யில் (1984) தேன்மொழி, கெட்டழிந்த அரசியல்வாதியான தன் கணவனைச் சுதந்திர தின மேடையிலேயே ஊரறியக் கொன்றாள். அவள் செய்த கொலையை நாம் ஏற்கவில்லை. எனினும் தன் கணக்கைத் தானே, வெளிச்சத்தில் தீர்த்தவள் அவள்.

ஒருவரின் வலிமை அவருடைய குணத்தில் மட்டும் தங்குவதன்று. முத்துக்குளிப்பு நடந்த நாளில் கல்லோடு கடலுள் இறங்கியவனின் துணிவை ஊர் பாடிற்று; படகில் நின்று கயிறு பிடித்தவனை நம்பியே அவன் இறங்கினான். காயல்பட்டினத்தில் மகளுக்கு வீடு கொடுத்து, மணமகன் அங்கு வந்து வாழும் வழக்கம் உண்டு. அங்கே பிணக்கு வந்தால் வாசற்படி இறங்க வேண்டியவன் கணவனே. அவ்வீட்டுப் பெண்கள் எல்லோரும் கல்கியைப் போன்ற துணிச்சல்காரிகள் அல்லர். காலடியில் நிலம் இருப்பதால் நிமிர்ந்து நிற்பவர்கள்.

பாலசந்தரின் பெண்கள் நம் மதிப்புக்குரியவர்கள். சுமந்தார்கள், அடக்கிக்கொண்டார்கள், எதிர்த்துப் பேசினார்கள், பிள்ளையையும் உடலுறுப்பையும் கொடுத்தார்கள். தமக்கு உரியதைக் கேட்டுப் பெற்று, அதைத் தமக்கென வைத்துக்கொண்ட ஒருத்தியை அவர்களிடையே நாம் தேடுகிறோம். செல்லம்மா அவ்வாறு ஆகியிருக்கலாம். அவளைப் பேசவிட்டிருந்தால் கல்கி தேவைப்பட்டிருக்க மாட்டாள்.