குனிந்து பார்த்து வாங்க வேண்டிய வண்டி

பழைய வெஸ்பா வாங்கப் போகிறவர் நிறத்தையும் முகப்பு விளக்கையும் ரசிப்பதற்கு முன்னால் தரையில் முட்டி போட்டு, டார்ச் அடித்து, அடிப்பாகத்தைப் பார்த்துவிட வேண்டும். மற்ற ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம் இருக்கும், மேலே பிளாஸ்டிக் உறை மாட்டியிருப்பார்கள். உறை உடைந்தால் வேறொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். வெஸ்பாவில் அந்தப் பேச்சே இல்லை. இரும்புத் தகட்டை வளைத்துப் பற்றவைத்த உடல்தான் சட்டம். உடலில் துரு ஏறினால் சட்டத்தில் துரு ஏறியதாகத்தான் அர்த்தம். ஈப்போவில் மாலையானால் மழை. வெயிலில் காய்வதற்குள் அடுத்த மழை. இந்த ஊரில் பத்து வருடம் ஓடிய இரும்பு வண்டியை வாங்குகிறவர், எஞ்சினைவிடத் தகட்டைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்.

நான் வாங்கியது 2015-ஆம் ஆண்டு வெஸ்பா பிரிமவேரா 150. மூன்று வால்வு எஞ்சின், காற்றில் குளிரும் வகை, வியட்நாமில் தயாரானது. மீட்டரில் இருபத்து மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. பெர்ச்சாமில் ஒருவர் வீட்டு வாசலில் 7,200 வெள்ளிக்குப் பேசி முடித்தேன். பிரிமவேரா என்ற பெயரும் உருவமும் 1968-இல் வந்த 125 சிசி வண்டியிலிருந்து எடுத்தவை. புதிய பிரிமவேராவை 2013 இறுதியில் மிலான் கண்காட்சியில் காட்டினார்கள். அதுவரை விற்ற எல்எக்ஸ் மாடலின் இடத்துக்கு அது வந்தது. உள்ளே இருப்பது இன்றைய எஞ்சின், கியர் மாற்றும் வேலை கிடையாது. ஆனால் தகட்டு உடல் மட்டும் 1946-இல் இருந்து மாறாமல் வருகிறது. வெஸ்பாவைத் தயாரிக்கும் பியாஜியோ நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு விமானம் செய்துகொண்டிருந்தது. முதல் வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோவும் விமானப் பொறியாளர்தான், ஹெலிகாப்டர் செய்து பறக்கவிட்டவர். சட்டம் தனி, உடல் தனி என்று பிரிக்காமல் தோலையே எலும்பாக்கும் முறை விமானத்திலிருந்து ஸ்கூட்டருக்கு வந்தது இப்படித்தான்.

என்னுடன் வந்த புந்தோங் பட்டறைக்கார அண்ணன் வண்டியைச் சுற்றி வரக்கூட இல்லை. நேராகக் கால் வைக்கும் தளத்தின் ரப்பரைத் தூக்கினார். "எஞ்சினு கெட்டா சாமான் வாங்கிப் போட்டுக்கலாம் தம்பி. தகடு அரிச்சிருந்தா வாங்காத, காசு போடப் போட உள்ள போயிட்டே இருக்கும்" என்றார். அந்த ரப்பருக்கு அடியில்தான் தண்ணீர் தங்குகிறது. பேட்டரியும் இருக்கைக்கு அடியில் இல்லாமல் தளத்தின் நடுமேட்டுக்குள் இருக்கிறது. அதன் மூடியைக் கழற்றினால் அந்தப் பெட்டியின் ஓரம், மூலை, வயர் இறங்கும் துவாரம் எல்லாம் தெரியும். மேலாகப் படிந்த பழுப்பு நிறம் பரவாயில்லை, விரலால் தேய்த்தால் போய்விடும். பெயின்ட் கொப்புளம் போல எழும்பி, நகத்தால் அழுத்தினால் பொரிந்து விழுகிறதா, கிளம்பிவிடுங்கள். என் வண்டியில் சென்டர் ஸ்டாண்டு மாட்டும் இடத்தில் மட்டும் ஒரு பத்து காசு அகலத்துக்குத் துரு இருந்தது. சுரண்டி, துருத்தடுப்பு பூசி, மேலே மெழுகு ஸ்பிரே அடித்ததோடு அது நின்றுவிட்டது.

புதுப் பெயின்ட் அடித்த வண்டியென்றால் இன்னும் கவனம் வேண்டும். போல்ட் தலையில் பெயின்ட் படிந்திருக்கிறதா, ரப்பர் ஓரத்தில் வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கக் கால் மறைப்புத் தகட்டின் உட்புறம் கையை விட்டுத் தடவினால், விழுந்து அடிபட்டு நிமிர்த்திய வண்டியின் அலை அலையான மேடுபள்ளம் விரலுக்குத் தெரிந்துவிடும். சேசிஸ் எண்ணை வண்டியின் பதிவுக் கிராண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வியட்நாம் வண்டிகளின் எண் ஆர்-பி-8 என்று தொடங்கும்.

எஞ்சினைச் சோதிக்க வேண்டுமானால் அது குளிர்ந்திருக்க வேண்டும். போவதற்கு முன்பே விற்பவரிடம் "ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தபின், முறுக்காமலே பின்சக்கரம் வேகமாகச் சுற்றினால் கிளட்ச் சரியாக விடவில்லை என்று பொருள். ஓட்டிப் பார்க்கையில் நின்ற இடத்திலிருந்து நகரும்போது பின்பக்கம் உதறுகிறதா என்று பாருங்கள். கிளட்ச் கிண்ணம் வழவழத்துப் போனால் இந்த வண்டிகளுக்கு அந்த உதறல் வரும். அதற்காக வாங்காமல் விட வேண்டாம், விலையைக் குறைக்கலாம். முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். வெஸ்பாவில் முன்சக்கரம் ஒற்றைக் கையில்தான் தொங்குகிறது. அதன் பேரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆட்டத்தில் உடனே தெரிந்துவிடும்.

வாங்கிய கையோடு பெல்ட், ரோலர், கிளட்ச் சப்பாத்து, பேட்டரி, பின் டயர், பிரேக் எண்ணெய் எல்லாம் மாற்றினேன். கூலியோடு ஏறக்குறைய 1,100 வெள்ளி ஆனது. பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்கே நினைவில்லை. ரசீது இல்லாத பெல்டை நம்பி நெடுஞ்சாலை ஏறக் கூடாது. பழைய வெஸ்பாவுக்குப் பேசிய விலைக்கு மேல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி கையில் வைத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

பெயர் மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறைக்கு (ஜேபிஜே) போவதற்கு முன், வண்டியின் பேரில் சம்மன் பாக்கி இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தீராமல் பெயர் மாறாது. சாலை வரியில் ஒரு சின்ன விஷயம் உண்டு. 150 சிசி வரைக்கும் வருடத்துக்கு 2 வெள்ளிதான். பிரிமவேராவை 150 என்று அழைத்தாலும் எஞ்சின் அளவு 154.8 சிசி. ஆகவே 151 முதல் 200 வரையிலான வரிசைக்குப் போய் 30 வெள்ளி கட்ட வேண்டியிருக்கிறது. பெரிய தொகையில்லைதான், என்றாலும் காப்சாய் என்ற சிறிய மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் தடவை கேட்கும்போது ஆச்சரியமாக இருக்கும். 2023 பிப்ரவரி முதல் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லாததால், அழகான முகப்பில் ஒட்டிக் கெடுக்கும் வேலை மிச்சம். பி2 லைசன்ஸ் போதும்.

ஈப்போ டவுனுக்குள் இந்த வண்டி தங்கம். ஏறக்குறைய 13 குதிரைத்திறன். சமிக்ஞை விளக்கில் பச்சை விழுந்ததும் சத்தமில்லாமல் முன்னால் போய்விடுகிறது. புந்தோங் சுங்கை பாரி சாலையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குப் போவது, அங்கிருந்து ரயில் நிலையத்துப் பக்கம் திரும்புவது, வாகனங்களுக்கு நடுவே நெளிந்து ஒரு கடை வாசலில் நிறுத்துவது என்று டவுன் வேலை எதற்கும் இதைவிடச் சுகமான வண்டி நான் ஓட்டியதில்லை. கால் மறைப்புத் தகடு இருப்பதால் தேங்கிய தண்ணீரில் போனாலும் வேட்டி நனைவதில்லை. குனோங் சீரோ முருகன் கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு காப்சாயில் காலைத் தூக்கிப் போட்டு ஏறியவர்களுக்கு இந்த அருமை புரியும். என் அம்மா சேலையோடு பின்னால் உட்கார்ந்து வருகிறார். பெட்டி போல அகன்ற இருக்கை அவருக்குப் பிடித்திருக்கிறது.

குறையும் உண்டு. தளத்தின் நடுவில் பேட்டரி மேடு எழும்பி நிற்பதால் பத்து கிலோ அரிசி மூட்டை சமமாக உட்காராது, ஒரு பக்கம் சாயும். இருக்கைக்கு அடியில் முகம் திறந்த தலைக்கவசம் ஒன்று போகும், முழுத் தலைக்கவசம் மல்லுக்கட்டும். முன்னால் 200 மில்லிமீட்டர் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அதிகம் அமுங்குவதில்லை, அது நல்ல குணம். ஆனால் என் மாடலில் ஏபிஎஸ் கிடையாது. மழையில் சாலையின் வெள்ளைக் கோட்டின் மேல் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் டயர் வழுக்குகிறது. முதல் சொட்டு விழுந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்வதே எனக்குச் சரிப்படுகிறது.

நெடுஞ்சாலைக்கு இது போகும். மோட்டார் சைக்கிளுக்குப் பிளஸ் நெடுஞ்சாலையில் டோல் இல்லாததால் கோலகங்சார் போக ஆசை வரும். சமதரையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் நிதானமாகப் போகிறது. ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மலைப்பாதையில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டால் முள் 65-க்கு இறங்கிவிடுகிறது. முறுக்க இனி மிச்சம் இல்லை. பக்கத்தில் லோரி கடக்கும்போது சின்னச் சக்கரங்கள் காற்றில் தள்ளாடுகின்றன. தினம் இப்படிப் போக வேண்டியவர் வேறு வண்டி பார்க்கட்டும்.

எனக்கு இந்த வண்டியின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் டவுன் அல்ல, தோட்டம். சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் ஒருவர் பச்சை நிற வெஸ்பாவில் வருவார். பால் வெட்டப் போகிறவர்களுக்குச் சைக்கிள், பிறகு கொஞ்சம் காசு பார்த்தவர்களுக்கு ஹோண்டா. வெஸ்பா என்றால் படித்தவர்களின் வண்டி. அது லயத்து வாசலைத் தாண்டும்போது புகை வாடை சற்று நேரம் நிற்கும். இன்று அங்கே பால் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள், மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்குத் தாமான்களிலிருந்து எல்லோரும் அங்கே திரும்பி வருகிறார்கள். நானும் இந்த வெஸ்பாவில் அம்மாவோடு போனேன்.

தார்ச் சாலை முடிந்து செம்மண் தொடங்கும் இடத்திலேயே வண்டி தன் வரம்பைச் சொல்லிவிட்டது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் அறுத்துப் போட்ட இரண்டு தடங்கள், நடுவில் புல் மேடு. 17 அங்குலச் சக்கரமுள்ள ஈஎக்ஸ்5 காப்சாய் அந்தக் குழிகளை உருண்டு கடந்துவிடும். பிரிமவேராவின் 11 அங்குலச் சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் சென்டர் ஸ்டாண்டு கல்லில் உரசும் சத்தம். பின் ஸ்பிரிங்கை நான்கு நிலைகளில் இறுக்கலாம். மூன்றாவதில் வைத்த பிறகு இருவர் உட்கார்ந்தாலும் அடிவாங்கவில்லை, தனியாகப் போகும்போது மட்டும் முதுகுக்குத் தெரிகிறது. வெயில் காலத்தில் பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சேரலாம். மழை பெய்த மறுநாள் போகவே வேண்டாம். செம்மண் சேறு மட்கார்டுக்குள் அப்பி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

வீடு திரும்பியதும் அன்றைக்கே அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ரப்பரைத் தூக்கிக் காயவைத்துவிட வேண்டும். ஒட்டிக் காய்ந்த செம்மண் ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கிறது. துருவுக்கு அது போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தளத்தின் அடியிலும் நடுமேட்டுக்குள்ளும் மெழுகு ஸ்பிரே அடிக்கிறேன். ஒரு டின் வாங்கினால் பல தடவைக்கு வரும்.

எண்ணெய்ச் செலவு பயப்படும்படி இல்லை. டவுன் ஓட்டத்தில் லிட்டருக்கு 35 கிலோமீட்டருக்குக் குறையவில்லை. தொட்டி ஏறக்குறைய எட்டு லிட்டர். ரோன் 95 போதும். கையைக் கடிப்பது டயர்தான்: 11 அங்குலத்துக்குக் கடையில் ரகம் குறைவு, விலையும் காப்சாய் டயரைவிட அதிகம். எல்லாப் பட்டறையும் இந்த வண்டியைத் தொடாது. வாங்குவதற்கு முன்பே உங்கள் தாமானுக்குப் பக்கத்தில் வெஸ்பா தெரிந்த பட்டறை எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், ரோலர் போன்றவை ஈப்போவிலேயே கிடைக்கின்றன. தகட்டுப் பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டும், விலையும் கனமாக இருக்கும்.

புந்தோங், பெர்ச்சாம், குனோங் ராப்பாட் என்று ஈப்போவைச் சுற்றி வேலையும் வீடும் உள்ளவருக்கு இந்த வண்டியைத் தயங்காமல் சொல்வேன். தினம் தோட்டத்துச் சாலையில் போய்வர வேண்டியவருக்குச் சொல்ல மாட்டேன். அவருக்கு ஈஎக்ஸ்5 போன்ற காப்சாய்தான் சரி. இன்னும் இரண்டாயிரம் வெள்ளி சேர்க்க முடியுமானால், பின்னால் வந்த ஐ-கெட் எஞ்சின் பிரிமவேராக்களில் முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ் உள்ள ஒன்றைத் தேடுங்கள். அவற்றிலும் பிந்தியவற்றில் சக்கரம் 12 அங்குலம். அதையும் ரப்பரைத் தூக்கிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.