ஐம்பதுக்கு ஐம்பது: கட்டை சொல்லும் கணக்கு

பாரிஸ் ஒலிம்பிக் 2024, வீசப்படும் தட்டுகளை ஷாட்கன்னால் சுடும் ஆண்கள் டிராப் போட்டி. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் முதல் நாள் எடுத்தது 22, 25, 21. மறுநாள் 25, 25. மொத்தம் 125-க்கு 118. கிடைத்தது 21-ஆவது இடம். நரம்பு, காற்று, வெளிச்சம் என்று காரணம் தேடுவோம். முதலில் பார்க்க வேண்டியது துப்பாக்கியின் கட்டை.

ஷாட்கன்னில் பின்பக்கக் குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் அந்தக் குறி. அதை அதன் இடத்தில் நிறுத்துவது கன்னம் படியும் கட்டையின் மேல்விளிம்பு. கண்ணுக்கும் குழல் முனைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர். தட்டு உடைவதோ சுமார் 35 மீட்டரில். கன்னம் 3 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டால் அங்கே குண்டுக்கூட்டம் 10 சென்டிமீட்டர் மேலே போய்விடும். தட்டின் விட்டமே 11 சென்டிமீட்டர்தான். டிராப் தட்டு எழும்பிக்கொண்டே பறப்பதால், கட்டையின் விளிம்பை வேட்டைத் துப்பாக்கியைவிட உயரமாக வைப்பார்கள். தட்டைக் குழலால் மறைக்காமல், பார்த்தபடியே சுடலாம்.

விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் அடுத்தது. ஆறுமுகநேரி உப்பளத்தில் உப்பு வாருகிறவரைக் கேட்டால் தெரியும்: பலகையின் காம்பு குட்டையாக இருந்தால் முதுகு வளைந்து ஈடுகட்டும், களைத்தபின் கை கோணும். இங்கும் அப்படியே. கட்டை நீண்டால் அக்குளில் தட்டும். குறுகினால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். பக்கவாட்டு வளைவு தப்பினால் சூடு இடமோ வலமோ விலகும்.

டிராப்பில் ஒவ்வொரு தட்டுக்கும் துப்பாக்கியைப் புதிதாகத் தோளில் ஏற்ற வேண்டும். தகுதிச் சுற்றில் மட்டும் 125 முறை. பொருந்தாத கட்டையோடு தொடர்ந்து 50 தட்டுகளை உடைப்பது கடினம். மறுநாள் பிருத்விராஜ் அதைச் செய்தார். ஆகவே முதல் நாள் தவறிய ஏழுக்கும் கட்டையின் அளவுகளைக் குறைசொல்ல இடமில்லை என்பதே என் கணிப்பு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்துவுடன் சேர்ந்து 361 எடுத்துத் தங்கம் வென்றவர் அவர். நல்ல நாளுக்கும் 118-க்கும் நடுவே இருப்பது முதல் நாளின் தாளம்.

நல்ல கட்டை புள்ளி தராது. தவறுக்கான ஒரு காரணத்தை நீக்கிவிடும், அவ்வளவே. இரவல் துப்பாக்கியோடு பழகும் இளைஞருக்கு அந்த வசதி இல்லை: தவறியது கையா கட்டையா என்று அவருக்குத் தெரியாது. தோட்டாவுக்குச் செலவழிக்குமுன் கட்டைக்கு அளவெடுப்பவரிடம் போவதே அவருக்கு முதல் பயிற்சி.